மன்னார்க் கோட்டை ஏன் உயரமில்லை?

பேசாலையில் பஸ் ஏறி மன்னார்ப் பாலம் கடந்து போகிற எல்லோருக்கும் அந்தக் கோட்டை தெரியும். தெரியும் என்றால், ஜன்னலுக்கு வெளியே தெரியும், அவ்வளவுதான்.

"கோட்டை என்கிறீர்கள், உயரத்தைக் காணோமே?" என்று பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்கவேண்டிய கேள்விதான்.

உயரம் எதற்கென்று அறிய முதலில் அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே 15ஆம், 16ஆம் நூற்றாண்டுகளில் வசதியுள்ள குடும்பங்கள் கோபுர வீடுகளைக் கட்டின. நாலைந்து மாடி, தடித்த கல்சுவர். கீழே களஞ்சியம், மேலே குடியிருப்பு. பல வீடுகளில் வாசலுக்கு மேல்தளத்தில் ஒரு துவாரம் இருக்கும்: உள்ளே புகுந்த பகைவனின் தலையில் கல்லைப் போட. டப்ளினைச் சுற்றிய பகுதிகளில் இப்படிக் கட்டுவோருக்கு 1429இல் 10 பவுண் மானியமும் அறிவித்தார்கள். வாளோடும் அம்போடும் வருகிறவனைத் தடுக்க உயரம் போதும். பீரங்கிக்கு முன்னால் அந்த உயரமே ஆபத்து.

மன்னார்க் கோட்டை பீரங்கிக் காலத்தது. 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா யாழ்ப்பாணத்தின்மேல் படையெடுத்தார். அங்கே காலூன்ற முடியாமல், மன்னாரைப் பிடித்துக் கோட்டை எழுப்பினார். 1544இல் யாழ்ப்பாணத்துச் சங்கிலி மன்னன் இங்கே கிறிஸ்தவர்களைக் கொன்றதற்குப் பழிவாங்கவே வந்தார்கள் என்பார்கள். எனக்கு அது பாதிக் கதை. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே போகும் தோணிகளைக் கண்காணிக்கவும், முத்துக்குளிப்பைக் கைக்குள் வைத்திருக்கவும் இதைவிடத் தோதான இடம் ஏது?

1658இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். பின்னர் திருத்திக் கட்டினார்கள். நாற்புற மதில், மூலைக்கொரு கொத்தளம், சுற்றிலும் அகழி. கொத்தளங்கள் வெளியே துருத்தி நிற்பதைக் கவனியுங்கள். ஒன்றில் நின்றால் பக்கத்து மதிலின் அடிவரை சுடலாம். பகைவன் ஒண்டி நிற்க இடமில்லை. அந்த அமைப்புக்கு மாடிகள் தேவைப்படவில்லை.

கண்டி இராச்சியத்தில் 19 வருடங்கள் கைதியாக இருந்த ஆங்கிலக் கடலோடி ரொபேர்ட் நொக்ஸ், 1679இல் தப்பி முதலில் சேர்ந்தது ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டைக்கு. அங்கிருந்து மன்னாருக்கு வந்துதான் கொழும்புக்குப் போனார். 1795இல் கோட்டை ஆங்கிலேயர் கைக்கு மாறியது.

உள்ளே கூரையிழந்த தேவாலயமும் ஒல்லாந்தரின் கல்லறைக் கற்களும் கிடக்கின்றன. அடுத்தமுறை மன்னாருக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குங்கள். கொத்தளத்தில் ஏற்றிக் காட்டுங்கள். சுவரில் பெயர் கீற மட்டும் விடாதீர்கள்.