பம்பு முனையும் காப்புரிமையும்

ஸ்கூடாய் வட்டாரத் தோட்டங்களில் முதுகில் பம்பைச் சுமந்து மருந்தடித்தவர்கள் நம் குடும்பங்களில் பலர். அந்தப் பம்பின் சூட்சுமம் அதன் முனையில் இருக்கிறது. துளி மிகவும் நுண்ணியதானால் காற்றில் பறந்து நம் முகத்திலேயே படும். மிகவும் பெரிதானால் இலையில் தங்காமல் வழிந்தோடும். இரண்டுக்கும் நடுவே நல்ல முனை ஒன்றை நம்மில் ஒருவர் செய்தால், அதன் உரிமை அவருக்குக் கிடைக்குமா?

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. அது மூன்று கேள்விகள் கேட்கிறது. பொருள் புதியதா? தொழிலுக்குப் பயன்படுமா? அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சி உள்ளவருக்கு எளிதில் தோன்றிவிடாத ஒன்றா? நீதிமன்றம் வரை போவது பெரும்பாலும் மூன்றாவது கேள்விதான்.

இந்தியாவில் மிர்சாபூர் பாத்திரத் தொழிலில் அப்படியொரு வழக்கு எழுந்தது. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் கருவிக்கு ஒரு நிறுவனம் 1951ஆம் ஆண்டுத் தேதியில் காப்புரிமை பெற்றிருந்தது. அதை மற்றொரு நிறுவனம் எதிர்த்தது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி காப்புரிமையை ரத்துச் செய்தார். மேல்முறையீட்டில் அது திரும்பக் கிடைத்தது. 1978 டிசம்பரில் உச்சநீதிமன்றம் முடிவு கூறியது: பழைய கருவிகளைத் தொழிலாளி தன் கைப்பழக்கத்தால் திருத்தி அமைப்பது கண்டுபிடிப்பு ஆகாது. காப்புரிமை போயிற்று.

ஆனால் இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. விடை தெரிந்த விடுகதை எவருக்கும் எளிதுதான். ஆகவே, பொருளைப் பார்த்த பிறகு, “இது என்ன பெரிய காரியம்?” என்று கேட்பது நியாயமாகாது. அதைக் காண்பதற்கு முன், பழைய முனைகளை மட்டும் அறிந்தவருக்கு இந்த யோசனை தானாகவே வந்திருக்குமா என்றே பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனையில் தேறாத சிறு திருத்தத்திற்கும் நம் சட்டத்தில் வேறொரு வழி உண்டு. பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் என்பது அதன் பெயர். அதற்கு மூன்றாவது கேள்வி கிடையாது. பொருள் புதியதாகவும் தொழிலுக்குப் பயன்படுவதாகவும் இருந்தால் போதும்.

இன்னொன்றையும் நினைவில் வைப்போம். முதலாளியின் தொழில் சம்பந்தமாக, அவர் தந்த கருவிகளைக் கொண்டு செய்த கண்டுபிடிப்பின் உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், அவரைச் சேரலாம். கண்டுபிடிப்பது வேலையாக இல்லாத தொழிலாளிக்கு அப்போது நியாயமான ஊதியம் கேட்கும் உரிமையை அதே சட்டம் தருகிறது.

எனவே, பட்டறையில் நாம் செய்வதைத் தேதியிட்டு எழுதி வைப்போம். ஊரறியக் காட்டுவதற்கு முன் மனுச் செய்வோம். நம் கையின் அறிவுக்கும் மதிப்புண்டு என்பதை நம் பிள்ளைகளும் அறியட்டும்.