மிஞ்சின சோறு யாருடைய தட்டில்?

(தோட்டங்களிலிருந்து கிளிநொச்சிக்கு வந்திருந்த மாதர் அங்கத்தவர்களை வரவேற்று, இங்கு குடியேறி வாழும் எமது பெண்கள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



சாப்பாட்டுக்குப் பிறகு எங்களைப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். நல்லது, பேசப் போவதும் சாப்பாட்டைப் பற்றித்தான். இரவு பானையில் மிஞ்சிக் கிடக்கிற சோறு, சட்டியின் அடியில் ஒட்டிக் கிடக்கிற கறி, காலையில் கொண்டுபோன ரொட்டியில் பாதி. தொழிற்சங்கக் கூட்டத்தில் இதெல்லாம் ஒரு பேச்சா என்று பின்வரிசையில் இருக்கும் அண்ணன்மார் நினைக்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் போடுகிற கணக்கு எங்கள் அடுப்படிக் கணக்குத்தான். ஒரு குடும்பம் எவ்வளவு குறைவாய் உண்டு நாளைக்கும் வேலைக்கு வரும் என்பதுதான் அந்தக் கணக்கு. அதை நாங்களும் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

எங்களில் பலருடைய தாய் தகப்பன் உங்கள் லயங்களில் பிறந்தவர்கள். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு வன்னிக்கு வந்தவர்கள் உண்டு. 1973, 1974 பஞ்சத்தில் கூப்பன் அரிசி குறைந்து, தோட்டங்களில் சாவு கூடிய காலத்தில் மலையை விட்டு இறங்கியவர்களும் உண்டு. மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் என்று இன்று நீங்கள் வழியில் பார்த்த ஊர்களில் அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான் இருக்கிறோம். கொழுந்து பறித்த கை நெல் வெட்டவும் கச்சான் பிடுங்கவும் பழகிக்கொண்டது. காணி உறுதி இல்லாமல் இன்னும் கூலிக்குப் போகிறவர்கள் எங்களில் நிறையப் பேர்.

பிறகு யுத்தம். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும் போட்டுக் காய்ச்சிய கஞ்சியை ஆண்டுதோறும் மே மாதத்தில் இன்றும் காய்ச்சிப் பகிர்கிறோம். அங்கிருந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்குப் போனோம். 2012 செப்டெம்பரில் அது மூடப்படும் வரைக்கும் அங்கே இருந்தவர்கள் உண்டு. நிவாரண அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. இந்த ஐந்தையும் வைத்து மாதக் கணக்கில் சமைத்த பெண்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கனம் படிப்பிக்க யாரும் வரத் தேவையில்லை.

ஆனாலும் எங்கள் வீடுகளிலும் சோறு கொட்டுப்படுகிறது. ஐக்கிய நாடுகளின் சுற்றாடல் திட்டம் 2024 இல் வெளியிட்ட அறிக்கையில், 2022 ஆம் ஆண்டு மட்டும் உலகத்தில் 100 கோடி தொன்னுக்கு மேல் உணவு வீணானது என்று சொல்கிறார்கள். அதில் 60 வீதம் வீடுகளில் வீணானது. பணக்கார நாடுகளில்தான் இது என்று நினைக்க வேண்டாம், எல்லா நாட்டு வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. வெயில் இருக்கிறது. மத்தியானம் சமைத்தது இரவுக்குப் பழுதாகிவிடும். எங்கள் வீடுகளில் உணவு வீணாகும் காரணம் பெரும்பாலும் அதுதான்.

சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். ஒரு வீட்டில் ஒரு நாளைக்கு அரைச் சுண்டு அரிசிச் சோறு வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுண்டு கால் கிலோ அளவு. மாதம் 15 சுண்டு, அதாவது மூன்றே முக்கால் கிலோ. 2024 டிசம்பரில் அரசாங்கம் நாட்டரிசிக்கு வைத்த உச்ச விலை கிலோ 230 ரூபா. பெருக்கினால் 860 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். 2024 செப்டெம்பரில் வைத்த தோட்டத்து நாட்சம்பளம் 1350 ரூபாவில் அரை நாளுக்கு மேல் வேலை செய்த காசு அது. அரை நாள் மலையேறிப் பறித்த கொழுந்தைக் குப்பைக் குழியில் கொட்டியதற்குச் சமம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2024 மே மாதத்தில் 1700 ரூபா என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. செப்டெம்பரில் 1350 இல் வந்து நின்றது. வித்தியாசம் நாளுக்கு 350 ரூபா. மாதம் 25 பேர் விழுந்தால் 8750 ரூபா. பானையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துத் தின்றாலும் எங்களால் மிச்சம் பிடிக்கக் கூடியது அதில் பத்திலொரு பங்குதான். சிக்கனமாய் இருந்தால் இந்தச் சம்பளம் போதும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

பழஞ்சோறு உங்களுக்கும் எங்களுக்கும் பொதுச் சொத்து. நீங்கள் பழைய சோறு என்பீர்கள். புழுங்கலரிசிச் சோறுதான் இதற்குத் திறம், பச்சையரிசிச் சோறு கரைந்து கூழாகிவிடும். இரவு மிஞ்சின சோற்றைச் சூடு ஆறியதும், கொதித்தாறிய தண்ணீரை மூழ்கும்படி ஊற்றி மண்சட்டியில் மூடி வையுங்கள். ஆறின பிறகு என்றால் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் உடனே. மத்தியானச் சோற்றை இரவு வரை வெறும் பானையில் வைத்துவிட்டுப் பிறகு தண்ணீர் ஊற்றுவது வேறு கதை, அது கூடாது. விடியற்காலையில் இலேசான புளிப்பு இருக்கும். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு, மோர் இருந்தால் மோர், இல்லாவிட்டால் தேசிக்காய்ப் புளி. முதல்நாள் மீன்குழம்பு கொஞ்சம் கிடந்தால் அன்றைக்கு வீட்டில் சண்டைதான். எங்கள் பாட்டிமார் இதைக் குழைத்து உருண்டையாய்ப் பிடித்து, வட்டமாய் இருக்கும் பிள்ளைகள் ஒவ்வொருவருடைய கையிலும் பூவரசம் இலையில் வைப்பார்கள். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் இந்தச் சோற்றைக் குடல் நோய்க்கு மருந்தாக ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். பழைய சோறு தின்கிறவர்கள் என்று ஒரு காலத்தில் எங்களை நக்கலடித்தவர்களுக்கு இதைச் சொல்லலாம்.

மலைக்கும் வன்னிக்கும் இதில் ஒரு வித்தியாசம் உண்டு. நுவரெலியாக் குளிரில் புளிக்க நேரம் எடுக்கும். இங்கே சித்திரை வைகாசி வெக்கையில் காலை ஏழு மணிக்கே கடுத்துவிடும். அந்த மாதங்களில் விடிந்ததும் தின்றுவிட வேண்டும், பத்து மணித் தேநீருக்கு வைத்திருக்கக் கூடாது. நூல் விட்டாலும், வழுவழுத்தாலும், வழக்கமான புளிப்பு மணம் இல்லாமல் வேறு நாற்றம் வந்தாலும் கொட்டிவிடுங்கள். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சோறு வெந்த பிறகும் சாகாத கிருமி விதைகள் உண்டு. வெதுவெதுப்பில் சோறு கிடக்கும்போது அவை முளைத்து நஞ்சு விடும். அந்த நஞ்சு திரும்பச் சுடவைத்தாலும் போகாது. கர்ப்பிணித் தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் அன்றன்று சமைத்ததையே கொடுங்கள்.

கறிக்கு வருவோம். கறி கெடுவதற்கு முதல் காரணம் தேங்காய்ப்பால். தேங்காய் ஒன்று 200 ரூபாவைத் தாண்டின நாட்களைக் கண்டுவிட்டோம், அந்தப் பாலை விட்டு ஆக்கின கறியைக் கொட்டுவது இரட்டை நட்டம். நாங்கள் செய்கிற வேலை இதுதான்: கறி வெந்ததும், பால் விடுவதற்கு முன்னமே, இரவுக்கென்று ஒரு பங்கை வேறு சட்டியில் எடுத்து வைத்துவிடுவோம். பகலுக்கு வேண்டியதற்கு மட்டும் முதற்பால். எடுத்து வைத்தது புளியும் உப்பும் தூளுமாய் இருப்பதால் பால்க்கறி அளவுக்குக் கெதியாய்க் கெடாது. இரவு நன்றாய்க் கொதிக்க வைத்துக் கொஞ்சம் கப்பிப்பால் விட்டால் புதுக்கறி. மீனாக இருந்தால் கொறுக்காப்புளி கூடப் போடுங்கள். சொதியை மட்டும் அளந்துதான் வைக்க வேண்டும், அது மிஞ்சினால் காப்பாற்ற வழியில்லை.

மிஞ்சின மரக்கறிகள் இரண்டு மூன்றைச் சேர்த்துத் தண்ணீர் வற்றச் சுண்ட வைத்தால் பழங்கறி. தோட்டத்தில் சுண்டக்குழம்பு என்கிறீர்களே, அதுவேதான். அடிச்சட்டியில் சோற்றைப் போட்டுப் பிரட்டுவதை நாங்கள் சொல்லித் தரவேண்டியதில்லை.

பிட்டு மிஞ்சினால் வெங்காயமும் செத்தல் மிளகாயும் வதக்கி, இருந்தால் ஒரு முட்டை உடைத்து ஊற்றிப் பிரட்டுங்கள். இடியப்பமும் அப்படித்தான். காய்ந்த பாணை ஊறவைத்துப் பிழிந்து அதேமாதிரிப் பிரட்டலாம். மலைக்குக் கொண்டுபோன ரொட்டி பின்னேரம் கல்லாகித் திரும்பி வந்தால் பிய்த்துப் போட்டுப் பருப்பில் ஒரு கொதி கொதிக்க விடுங்கள், பிள்ளைகள் விரும்பித் தின்னும். பால் பிழிந்த தேங்காய்ப்பூவைக் கோழிக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை வறுத்து, மிளகாயும் உப்பும் புளியும் சேர்த்து இடித்துப் பாருங்கள். வாழைக்காய்த் தோல், பீர்க்கங்காய்த் தோல், பலாக்கொட்டை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்தி.

கோயில் அன்னதானத்திலும் அந்தியேட்டி வீட்டிலும் பெருவாரியாய் மிஞ்சுகிற சோற்றுக்கு வடகம்தான் வழி. அன்று சமைத்த, புளிக்காத சோறாக இருக்க வேண்டும். உப்பு, சீரகம், இடித்த செத்தல் மிளகாய் சேர்த்துக் குழைத்து ஓலைப்பாயில் சின்னச் சின்னதாய் வைத்து, எங்கள் வெயிலில் மூன்று நாள். கல்கல்லென்று காய்ந்தால் மாதக் கணக்கில் இருக்கும். உங்கள் பனியிலும் மழையிலும் இது சரிவராது, பூஞ்சணம் பிடித்துவிடும். வடகத்தை நாங்கள் அனுப்புகிறோம், நீங்கள் நல்ல தேயிலைத்தூள் அனுப்புங்கள். ஏற்றுமதி போக மிஞ்சின தூசி வேண்டாம்.

இனிச் சொல்லப் போவதைச் சொல்லத்தான் நாங்கள் உண்மையில் எழும்பினோம்.

வீட்டில் மிஞ்சினதைத் தின்கிறது யார்? இரவு எல்லோரும் தின்று முடிந்த பிறகு சட்டியை வழித்துத் தின்கிறவள் யார்? காலையில் புருஷனுக்கும் பிள்ளைக்கும் புது ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, பழையதை நின்ற நிலையில் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு பிரட்டுக்கு ஓடுகிறவள் யார்? கை தூக்கச் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

பழையதைத் தின்பது குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை, இவ்வளவு நேரமும் அதன் பெருமையைத்தான் பேசினோம். மிஞ்சினது பெண்ணுடைய பங்கு என்று ஆகிவிட்டதைத்தான் சொல்கிறோம். மிஞ்சாத நாளில் அவளுக்குப் பங்கே இல்லை. முட்டையும் மீன்துண்டும் மிஞ்சுவதில்லை, சோறும் குழம்பும்தான் மிஞ்சும். அதைத் தின்றுவிட்டு, மேலே ஒரு சாயத் தேநீரையும் குடித்துவிட்டு நாள் முழுக்க மலையில் நிற்கிறாள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கிற தேநீர், உணவில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள், பழஞ்சோற்றில் தேசிக்காய் பிழியுங்கள், ஒரு பிடி முருங்கையிலை வறையும் வையுங்கள். இரத்தச்சோகைக்குக் கிளினிக்கில் கொடுக்கிற குளிசையையும் ஒழுங்காய்ப் போடுங்கள்.

தாய் எப்படியோ பிள்ளையும் அப்படித்தான். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாதவர்கள் நாடு முழுவதும் 17 வீதம் அளவு, தோட்டப்புறத்தில் 32 வீதம் அளவு. பட்டினி கிடந்த தாயின் வயிற்றிலேயே இது தொடங்குகிறது.

எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். பழஞ்சோறு என்றால் வீட்டில் எல்லோருக்கும் பழஞ்சோறு, ஒருவருக்கு மட்டும் புதிதாய் அடுப்பு மூட்டுவதில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கும் சின்னப் பிள்ளைக்கும் மட்டும் விலக்கு. கறியைச் சட்டியில் விட்டு ஆளாளுக்கு அள்ளாமல், பரிமாறும்போதே சமைத்தவளுடைய தட்டிலும் போட்டுவிடுவது. முதலில் சில வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. மாமியார்மார்தான் கூட முணுமுணுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது அடங்கிவிட்டது. எல்லோருடைய வாய்க்கும் பழையது போகத் தொடங்கியதும் அரிசி போடும்போதே அளந்து போடுகிற யோசனை ஆண்களுக்கும் வந்தது.

வாசலில் ஒரு பெட்டியில் சின்னக் கொப்பிகள் வைத்திருக்கிறோம். ஆளுக்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள். ஒரு கிழமைக்கு மட்டும் எழுதினால் போதும்: எத்தனை சுண்டு போட்டீர்கள், என்ன மிஞ்சியது, அதை யார் தின்றது. எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். கடைசிப் பக்கத்தில் அந்தக் கிழமை கடைக்குக் கொடுத்த காசையும், வைத்த கடனையும் எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் கூட்டிப் பார்த்துச் சங்கத்திடம் கொடுப்போம், சம்பளப் பேச்சுக்குப் போகிறவர்கள் கையோடு எடுத்துப் போகட்டும். பென்சிலும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.