வைஃபை வரலண்ணா: ஒரு ராத்திரி, ஒரு லேப்டாப், நான் பண்ண தப்பு

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சைச் சுருக்கியிருக்கிறோம்.)

லினக்ஸ் லேப்டாப்ல வைஃபை வேலை செய்யலன்னா எங்கிருந்து தேட ஆரம்பிக்கணும்? இன்னைக்கு எபிசோடு அதைப் பத்திதான். பாடமா எடுக்கிறதைவிட, எங்க வீட்ல நடந்ததையே சொல்லிடறேன். ஏன்னா அதுல தப்பு பண்ணது நான்தான்.

என் தங்கச்சி விருத்தாசலத்துல இருக்கா. அவகிட்ட இருக்கிறது காலேஜ்ல நான் வச்சிருந்த பழைய லேப்டாப். பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அதுல இருந்த விண்டோஸை எடுத்துட்டு உபுண்டு போட்டுக் கொடுத்தேன். "நல்லா ஓடிக்கிட்டு இருந்ததை ஏம்ப்பா நோண்டுற?"ன்னு அப்பா கேட்டார். "இப்போ பாருங்க, எவ்ளோ வேகமா இருக்குன்னு" என்று நானும் பெருமையா சொல்லிட்டு சென்னைக்கு பஸ் ஏறிட்டேன்.

ரெண்டு மாசம் கழிச்சு, ராத்திரி 10 மணிக்கு போன். "அண்ணா, அப்டேட் கேட்டுச்சு, கொடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதுலேர்ந்து வைஃபை வரல. நாளைக்குக் காலைல 10 மணிக்கு இன்டர்வியூ." போன்ல அட்டென்ட் பண்ணக் கூடாது, கேமரா உள்ள கம்ப்யூட்டர்தான் வேணும்னு மெயில்லயே போட்டிருந்தாங்க. பின்னாடி அப்பா குரல் கேட்குது. என்ன சொன்னார்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் கேள்வி: யாராவது அணைச்சு வச்சிருக்காங்களா?

டெர்மினல் திறக்கச் சொல்லி, 'ஆர்எஃப்கில் லிஸ்ட்' அடிக்கச் சொன்னேன். ரேடியோ எதுவும் தடுக்கப்பட்டிருக்கான்னு இது காட்டும். 'சாஃப்ட் பிளாக்டு: எஸ்' என்று வந்தா மென்பொருள் வழியா அணைஞ்சிருக்கு, 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' கொடுத்தா திறந்துடும். 'ஹார்ட் பிளாக்டு: எஸ்' என்றால் லேப்டாப்ல இருக்கிற சுவிட்சையோ, ஃபங்ஷன் கீயையோ, பயாஸ் அமைப்பையோ பார்க்கணும். டெர்மினல்ல என்ன அடிச்சாலும் அது திறக்காது.

அவ லிஸ்ட்ல ப்ளூடூத் மட்டும்தான் இருந்தது. வைஃபையே இல்லை. இது முக்கியமான தடயம். அணைச்சு வச்சிருந்தாகூட பேராவது வந்திருக்கும். பேரே வரலன்னா, டிரைவர் ஏறவே இல்லைன்னு சந்தேகப்படலாம்.

ரெண்டாவது கேள்வி: கார்டு கண்ணுக்குத் தெரியுதா?

அடுத்தது 'எல்எஸ்பிசிஐ', ஒரு இடைவெளி, ஹைஃபன், 'என்என்கே'. "அண்ணா, முதல்ல வர்றது சின்ன எல்லா, ஒன்னா?"ன்னு கேட்டா. மூணாவது தடவைதான் சரியா அடிச்சா.

இந்தக் கட்டளை மூணு விஷயம் சொல்லும்: கார்டு பேரு, அதோட அடையாள எண், அதை இப்போ எந்த டிரைவர் ஓட்டுதுங்கிறது. கார்டே லிஸ்ட்ல இல்லன்னா பிரச்சினை ஹார்டுவேர்லயோ பயாஸ்லயோ இருக்கும். கார்டு இருந்து 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இல்லன்னா, டிரைவர் இல்லைன்னு அர்த்தம். ரெண்டும் இருந்தும் வைஃபை வரலன்னா ஃபர்ம்வேரைப் பாருங்க. 'டிமெசேஜ்' கட்டளையோட வெளியீட்டுல 'ஃபர்ம்வேர்' என்ற வார்த்தையைத் தேடினா, எந்த ஃபைல் கிடைக்கலன்னு அதுவே சொல்லிடும்.

அவ படிச்சா: பிராட்காம், பிசிஎம்43142, அடையாளம் 14இ4:4365. டிரைவர் வரி இல்லை. எனக்கு உடனே புரிஞ்சுபோச்சு. வயிறு கலங்கிடுச்சு.

ஏன்னா…

பெரும்பாலான வைஃபை கார்டுகளுக்கு டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கு. இன்டெல் கார்டுன்னா 'ஐடபிள்யூஎல்வைஃபை', பழைய அதெராஸ் கார்டுன்னா 'ஏடிஎச்9கே'. கெர்னல் மாறினா டிரைவரும் கூடவே மாறும். பிராட்காம் 2010-ல சில சிப்களுக்குத் திறந்த மூல டிரைவர் வெளியிட்டது. 43142 அதுல இல்லை. இதுக்கு 'டபிள்யூஎல்' என்கிற மூடிய டிரைவர்தான். அது கெர்னலுக்கு வெளியே இருக்கு. அதனால ஒவ்வொரு புது கெர்னலுக்கும் அதைத் திரும்பக் கட்டணும். அந்த வேலையைத் தானா செய்யறதுதான் 'டிகேஎம்எஸ்'. அப்படிக் கட்ட அதுக்கு 'கெர்னல் ஹெட்டர்ஸ்' வேணும்.

பொங்கலுக்கு, டிரைவர் வேலை செஞ்சதும், டிஸ்க்ல இடம் மிச்சம் பண்றேன்னு அந்த ஹெட்டர்ஸை அழிச்சது யாரு? இந்த இன்ஜினியரிங் பட்டதாரிதான். அன்னைக்கு ஓடின கெர்னலுக்கு டிரைவர் ஏற்கெனவே கட்டி முடிஞ்சிருந்ததால எதுவும் தெரியல. புது கெர்னல் வந்த அன்னைக்குத்தான் குட்டு வெளிப்பட்டது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' அடிக்கச் சொன்னேன். பழைய கெர்னல் பேரு மட்டும்தான் இருந்தது.

"என் தப்புதான்மா"ன்னு சொன்னேன். "அதை அப்புறம் பேசலாம், இப்போ என்ன செய்யணும்?"னு கேட்டா. நியாயம்தான்.

நெட் இல்லாம நெட்டைச் சரி பண்றது

ஹெட்டர்ஸை இறக்கணும்னா நெட் வேணும். நெட் வரணும்னா ஹெட்டர்ஸ் வேணும். இதுக்கு நல்ல வழி, ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிள்ல இணைச்சு 'யூஎஸ்பி டெதரிங்' போடறது. லினக்ஸ் அதைக் கம்பி வழி நெட்வொர்க்காவே எடுத்துக்கும், தனி டிரைவர் தேவையில்லை. ஆனா அவ கேபிளைச் செருகினா சார்ஜ் ஏறுது, வேற ஒண்ணும் வரல. டேட்டா கம்பி இல்லாத, வெறும் சார்ஜிங் கேபிள். மணி 11-ஐத் தாண்டிடுச்சு. கடைங்க மூடியாச்சு.

அப்புறம்தான் மண்டையில உறைச்சுது. பழைய கெர்னல் அங்கேயேதான் இருக்கு! உபுண்டு அதை உடனே அழிக்காது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணி, 'எஸ்கேப்' கீயை அழுத்தி கிரப் மெனுவுக்குப் போகச் சொன்னேன் (பழைய பயாஸ் முறைன்னா 'ஷிஃப்ட்' கீ). 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', அதுல ரெண்டாவதா இருக்கிற கெர்னல். ஒரு நிமிஷம் போன்ல சத்தமே இல்லை.

"அண்ணா, வைஃபை வந்துடுச்சு."

அதுக்கப்புறம் எல்லாம் சுலபம். 'லினக்ஸ் ஹெட்டர்ஸ் ஜெனரிக்' தொகுப்பை நிறுவினோம். டிகேஎம்எஸ் புது கெர்னலுக்கும் டிரைவரைக் கட்டி முடிச்சது. இருந்தாலும் "நாளைக்குப் பழைய கெர்னல்லயே இரு, இன்டர்வியூ முடிஞ்சதும் மாறிக்கலாம்"னு சொன்னேன். நாளைக்கு முக்கியமான வேலை இருக்குன்னா, ஓடற மிஷின்ல கை வைக்காதீங்க. இது அப்பா பொங்கலுக்கே சொன்னதுதான்.

கேட்கிறவங்களுக்கு ரெண்டு குறிப்பு

ஒண்ணு, செக்யூர் பூட். அவ லேப்டாப்ல அது அணைஞ்சிருந்தது. உங்க மிஷின்ல இருந்தா, வெளி டிரைவரைப் போடும்போது ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்ல நீலத் திரை ஒண்ணு வரும். அவசரத்துல அதைத் தாண்டிடாதீங்க. அங்கேதான் டிரைவரோட சாவியைப் பதிவு பண்ணணும். பண்ணலன்னா, கட்டி முடிச்ச டிரைவரைக்கூட கெர்னல் உள்ளே விடாது.

ரெண்டு, பழைய லேப்டாப்ல லினக்ஸ் போடறதுக்கு முன்னாடி, பென் டிரைவ்ல இருந்தே லைவா பூட் பண்ணி, 'எல்எஸ்பிசிஐ' அடிச்சுப் பாருங்க. கார்டு எதுன்னு முதல்லயே தெரிஞ்சா, வீட்டு ஆளுங்களுக்கு எந்தச் சுமையைக் கொடுக்கிறோம்னும் தெரியும். நமக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அவங்களுக்கு மறுநாள் காலைல இன்டர்வியூ.

வேலை கிடைச்சுதான்னு கேட்பீங்க. அதுல கிடைக்கல. ஆனா லைன் ஒரு தடவைகூட கட் ஆகலன்னு சொன்னா. போன வாரம் அவகிட்டேயிருந்து ஒரு மெசேஜ்: "புது கெர்னல் வந்திருக்கு. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ் பாத்துட்டுத்தான் ரீஸ்டார்ட் பண்ணேன். நீ கவலைப்படாதே."

உங்க வைஃபை கதை இருந்தா வாய்ஸ் மெசேஜா அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.