அரியணையும் அடுக்களையும்



பத்தாம் ஆண்டு விழாவில் நகைச்சுவை பற்றிப் பேசப் பணித்தீர்கள். ஓர் ஆங்கிலத் திரைப்படத்தைச் சான்றாகக் கொள்கிறேன். 1933இல் வெளிவந்த 'எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை' அது. இயக்கியவர் ஹங்கேரியில் பிறந்த அலெக்சாண்டர் கோர்டா. மன்னராக நடித்த சார்லஸ் லாட்டன் அதற்காக ஆஸ்கார் விருது பெற்றார்.

நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். எள்ளுபவர் யார், எள்ளப்படுபவர் யார் என்பதே என் வினா.

படம் தொடங்குவது அரசவையில் அன்று, பள்ளியறையில். பணிப்பெண்கள் மன்னரின் படுக்கையில் ஆன் என்னும் அரசியின் முதலெழுத்தைப் பிரித்துவிட்டு, ஜேனின் முதலெழுத்தைத் தைக்கிறார்கள். அரசியின் தலை இன்னும் கழுத்தில் இருக்கிறது; அவள் எழுத்துக்கு அங்கே இடமில்லை. வரலாற்றில் ஆன் போலின் 1536 மே 19இல் கொல்லப்பட்டார். பதினொரு நாளில் ஹென்றி ஜேனை மணந்தார். படம் இரண்டையும் ஒரே நாளில் நிகழ்த்துகிறது. இதனைப் பிழை என்பதற்கில்லை; கொடுமையைச் செறித்துக் காட்டும் கவிஞர் உத்தி.

கொலைக்களத்திலும் நகை உண்டு. ஆனின் தலையை வெட்டப் பிரெஞ்சுக்காரன் வருகிறான். நம்மவர் வேலையின்றி வாட, அயலானை அழைப்பதா என்று குமுறுகிறான் ஆங்கிலக் கொலையாளி. படம் வந்த ஆண்டின் தொடக்கத்தில் பிரிட்டனில் வேலையற்றோர் ஏறத்தாழ 30 இலட்சம். அன்று படம் பார்த்தவர்க்கு அது பழங்கதை அன்று. தம் வீட்டுக் கதை.

விருந்துக் காட்சியைச் சொல்லாமல் இருக்க இயலாது. கோழியைக் கையால் பிய்த்துத் தின்று, எலும்பைத் தோளுக்குப் பின்னே வீசியவாறே, நாட்டில் நாகரிகம் அழிந்துவிட்டதென்று மன்னர் வருந்துகிறார். உயர்குடிப் பெருமிதம் முழுவதும் அந்த ஒரு கோழியோடு சரிகிறது. அடுக்களையிலோ சமையற்காரர்கள் மன்னரின் மணவாழ்வை அலசுகிறார்கள். அஞ்சி வாழ்வோர் தமக்குள் நகைத்துக்கொள்ளும் உரிமையை எந்த அரசாணையும் பறிக்கவில்லை.

கிளீவ்ஸ் நாட்டு ஆனாக வருபவர், லாட்டனின் மனைவி எல்சா லாஞ்செஸ்டர். மணநாள் இரவில் சீட்டாடி மன்னரை வெல்கிறாள். மணவிலக்கும் மானியமும் பெற்றுத் தலையோடு தப்புகிறாள். வரலாற்றிலும் ஹென்றியின் மனைவியருள் இறுதியாக, 1557இல், மறைந்தவர் அவரே.

ஒன்றைக் கருதுங்கள். மரணத்தை எதிர்நோக்கும் ஆன் போலினை இப்படம் எள்ளவில்லை. அவள் முன்னே நகை அடங்கி, அழுகை இடம்பெறுகிறது. எள்ளல் மேல்நோக்கிப் பாயும்போது அறம். வீழ்ந்தவர்மீது பாயும்போது அதுவும் ஒரு கொலைவாள். அங்கதம் பாடும் நம் கவிஞர்கள் எழுதுகோலை எடுக்குமுன் அது எத்திசை நோக்குகிறது என்று பார்க்க வேண்டுகிறேன்.