ஒரே பண்டம், வேறு வழக்கம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



உலகம் சுருங்கிவிட்டதென்று நாள்தோறும் கேட்கின்றோம். நியூயோர்க்கிலும் பாரிஸிலும் நமது கல்முனையிலும் ஒரே கைத்தொலைபேசி, ஒரே காற்சட்டை. பண்டங்கள் ஒன்றாகியமையால் மாந்தரின் வழக்கங்களும் ஒன்றாகிவிட்டனவா? இல்லை என்பதற்கு அமெரிக்கரும் ஐரோப்பியருமே சான்று.

5/7 என்று எழுதினால் அமெரிக்கர் மே 7 என்பர். ஐரோப்பியர் ஜூலை 5 என்பர். ஜெர்மானியருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நம்மைப்போல் 'நீ', 'நீங்கள்' என இரு சொற்கள் உண்டு. இன்றைய ஆங்கிலத்திலோ ஒன்றே. புதிதாய்க் கண்டவரையும் பெயர் சொல்லி அழைக்கும் அமெரிக்கர், ஐரோப்பியர் பலருக்கு மரியாதை அறியாதவராய்த் தோன்றுவார். அவருக்கோ அது நேசத்தின் அடையாளம்.

உணவுச்சாலைக்குச் செல்வோம். பிரான்சில் பரிமாறும் செலவு விலையிலேயே அடங்கிவிடும். அமெரிக்காவிலோ, சன்மானம் பெறும் பணியாளருக்கு முதலாளி கையிலிருந்து கொடுக்கவேண்டிய குறைந்த கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991ஆம் ஆண்டு முதல் மணிக்கு 2.13 டொலர்தான். மிகுதியை உண்டவர் தரும் சன்மானமே நிரப்பவேண்டும். இதனை அறியாத ஐரோப்பியர் ஒன்றும் வையாது எழுந்தால் உலோபி என்ற பெயர் பெறுவார். குற்றம் அவர் குணத்திலன்று. வழக்கத்தை அறியாமையிலேயே உள்ளது.

அன்பர்களே! இதனைக் கடல் கடந்துதான் கற்கவேண்டுமா? கல்முனையில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசுகின்றோம். தாய்வழிக் குடிமுறை இரு சாராரிடமும் உண்டு. பெண்ணுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடியேற்றுவதும் பொதுவான வழக்கமே. ஆயினும் அவர்கள் வாப்பா, உம்மா என்பர்; நாம் அப்பா, அம்மா என்போம். அவர்கள் கலியாண வீட்டிற் சஹனைச் சுற்றியமர்ந்து சேர்ந்துண்பர். நாம் தனித்தனி இலையில் உண்போம். இரண்டும் விருந்தோம்பலே.

2009இல் முடிந்த போரிலே இரு சமூகத்தாரும் உயிர்களைப் பறிகொடுத்தோம். அயல்வீட்டு வாசலை மிதிக்க அஞ்சிய காலமும் இருந்தது. அதற்கிடையில், 2004 டிசம்பர் 26இல் பொங்கிய கடல் எவர் வீடென்று பார்க்கவில்லை. இரு சாராரையும் ஒருங்கே வாரிச் சென்றது. இத்தனை கண்டபின்னும், அயலாரின் வழக்கத்தைக் கேட்டறியாமல் அவர் குணத்தை அளப்போமாயின் நாம் கற்றது என்ன?

நம் வாலிபர் பலர் நாளை கட்டாருக்கும் இலண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போவர். போகுமுன் அடுத்த வீதிக்கு ஒருமுறை போய் வாருங்கள். 'இதை ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று அன்போடு கேளுங்கள். அவர்கள் கேட்டால் நமது வழக்கத்தையும் பொறுமையோடு சொல்லுங்கள். உலகத்தோடு பழகும் கல்வி அங்கேதான் தொடங்குகிறது.