அவற்பொதியும் பாதி நாடும்



கைநிறையப் பொருள் சேர்ந்தவனைச் சுற்றி உறவினரும் புகழ்வோரும் பெருகுவர். ஆனால், ஒரே வாங்கிலிருந்து படித்தவன் பழையபடி பெயர்சொல்லி அழைக்கத் தயங்குவான். 'இவன் என்னை நாடி வந்தானா, என் பணத்தை நாடி வந்தானா?' என்ற ஐயம் செல்வனின் மனத்திலும் புகுந்துவிடும். இந்நிலையில் ஒத்த வயதினரிடையே உண்மையான நட்பு எவ்வாறு நிலைக்கும்?

நம் இதிகாச புராணங்களில் இரு பள்ளித்தோழமைகள் உண்டு. துரோணரும் துருபதனும் பரத்துவாச முனிவரின் ஆச்சிரமத்தில் ஒன்றாகப் பயின்றவர்கள். துருபதன் பாஞ்சால நாட்டுக்கு மன்னனானான். வறுமையுற்ற துரோணர் பழைய தோழமையை நினைவூட்டிச் சென்றபோது, சமமானவர்களுக்கிடையில்தான் நட்பு உண்டு என்று அவன் அவமதித்தான். துரோணர் தம் மாணவரைக்கொண்டு அவனைச் சிறைப்பிடித்துப் பாதி நாட்டைத் தம்முடையதாக்கினார். அந்தப் பகை குருக்ஷேத்திரத்தில், துருபதன் மகன் கையால் துரோணர் மடியும்வரை தொடர்ந்தது.

கண்ணனும் குசேலரும் சாந்தீபனி முனிவரிடம் பயின்றவர்கள். பாகவதத்தின் பத்தாம் கந்தம் இவர்களது கதையைக் கூறுகிறது. துவாரகைக்கு வந்த குசேலர் எதனையும் கேட்கவில்லை. கண்ணனோ, "எனக்கு என்ன கொண்டுவந்தாய்?" என்று கேட்டு, அவர் கூச்சத்தால் மறைத்து வைத்திருந்த அவற்பொதியை எடுத்து உண்டான். கண்ணன் பின்னர் கொடுத்த செல்வத்தையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். அதற்கு முன்னர் அவன் பெற்றுக்கொண்டதை மறந்துவிடுகிறோம்.

நேயர்களே, செல்வம் வந்தவர் கொடுக்க விரைவில் பழகிவிடுகிறார். வாங்கிக்கொள்ளத்தான் மறந்துவிடுகிறார். வெளிநாட்டில் உழைத்து ஊர் திரும்பும் ஒருவர், தேநீர்க்கடையில் எல்லோருக்கும் தாமே காசு கொடுக்கிறார். அவரது மனம் நல்லதுதான். ஆயினும் நாளும் அவரே கொடுத்தால், தோழர் கடன்பட்டவர்போலக் கூசுவர்; பின்னர் அவர் வரும் வழியை விலக்கி நடப்பர்.

ஒருநாள் தோழன் வாங்கித்தரும் தேநீரை மறுக்காமல் குடியுங்கள். காணி பற்றியோ பிள்ளையின் படிப்பைப் பற்றியோ அவனிடம் யோசனை கேளுங்கள். அவன் கடிந்துரைத்தால் பொறுமையோடு கேளுங்கள். பணத்துக்காக மட்டும் வந்தவன் உங்களைக் கடிந்துரைக்கத் துணியமாட்டான். உங்கள் ஐயத்துக்கும் அங்கே விடை கிடைக்கும். பணம் கொடுக்க நேர்ந்தால், அது கடனா உதவியா என்பதை அப்போதே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

திருக்குறளின் பொருட்பாலில் 76ஆம் அதிகாரம் பொருள்செயல்வகை. அதன்பின் 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரங்கள் நட்பைப் பேசுகின்றன. அவற்றுள் ஒன்றான 'பழைமை', நண்பன் நம்மைக் கேளாமலே உரிமையோடு செய்வதையும் விரும்பி ஏற்கச் சொல்கிறது. பொருள் சேர்த்தவர்கள் அந்தப் பத்துக் குறள்களையும் ஒருமுறை படிப்பது நன்று. தோழனுக்கு நம்மீதுள்ள அந்த உரிமையைச் செல்வம் பறித்துவிடாமற் காப்பது, செல்வம் பெற்றவரின் கடமையாகும்.