பாட்டனார் விட்டுச் சென்ற அமானிதம்: குடும்ப வக்ஃபும் அரசு அலுவலகங்களும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் வல்ல அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

பள்ளிவாசல் வக்ஃபைப் பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். குடும்ப வக்ஃபைப் பற்றிப் பேசுவது அரிது. 'வக்ஃபு அலல் அவுலாத்' என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஒரு தோப்பையோ கடையையோ அல்லாஹ்வுக்காக நிறுத்தி வைத்து, அதன் வருமானத்தில் சந்ததியினருக்கு ஒரு பங்கும், ஏழைகளுக்கு ஒரு பங்கும் என எழுதி வைப்பது. அதை நிர்வகிக்கும் முத்தவல்லி அரசு அலுவலகங்களில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

உமர் (ரளி) அவர்களுக்குக் கைபரில் நல்ல நிலம் கிடைத்தது. அதை என்ன செய்யலாம் என்று நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி, விளைச்சலைத் தர்மம் செய்யுமாறு நபியவர்கள் வழிகாட்டினார்கள். விற்கவோ, அன்பளிப்பாகக் கொடுக்கவோ, வாரிசுரிமையாகப் பங்கிடவோ கூடாது என்ற நிபந்தனையுடன் அது வக்ஃபாயிற்று. ஏழைகளோடு உறவினருக்கும் அதில் பங்கிருந்தது. உமர் (ரளி) அவர்கள் அதை எழுத்தில் வடித்துச் சாட்சியும் வைத்தார்கள். தமக்குப்பின் தம் மகளார் ஹஃப்ஸா (ரளி) அவர்களைப் பொறுப்பாளராக நியமித்தார்கள். நம்பிக்கைக்கு உரியவர்கள் நிறைந்திருந்த அந்தக் காலத்திலேயே எழுத்து தேவைப்பட்டது என்பதைச் சிந்திக்க வேண்டுகிறேன்.

நம் நாட்டில் குடும்ப வக்ஃபு ஒரு சோதனையைக் கடந்து வந்துள்ளது. கல்கத்தா உயர்நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில், 1894-ல் இலண்டன் பிரிவி கவுன்சில் அத்தகைய வக்ஃபு செல்லாது என்று தீர்ப்பளித்தது. குடும்பம் முற்றிலும் அற்றுப்போன பின்னரே ஏழைகளுக்குப் போய்ச் சேரும் தர்மம் பெயரளவிலான தர்மமே என்பது அவர்கள் கருத்து. மௌலானா ஷிப்லி நுஃமானி போன்ற ஆலிம்கள் இதனை எதிர்த்துக் குரல் எழுப்பினர். முஹம்மத் அலி ஜின்னா 1911-ல் கொண்டுவந்த மசோதா 1913-ல் சட்டமாகி, குடும்ப வக்ஃபு செல்லும் என்றாயிற்று. ஆனால் அந்தச் சட்டமும் ஒரு நிபந்தனை வைத்தது: இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான தர்ம காரியத்திற்கோ சேர வேண்டும். ஆகவே ஏழையின் பங்கே குடும்ப வக்ஃபின் உயிர். அது மறைந்தால் வக்ஃபும் மறையும்.

அது எப்படி மறைகிறது? ஓர் உதாரணம் கூறுகிறேன். ஒரு பெரியவர் 60 ஆண்டுகளுக்கு முன் தம் தென்னந்தோப்பை இவ்வாறு எழுதி வைத்தார் என்று வைத்துக்கொள்வோம். வக்ஃபுப் பத்திரம் பெட்டிக்குள் இருக்கிறது. பட்டாவோ முத்தவல்லியான மகனின் சொந்தப் பெயரில் பதிவாகிவிட்டது. மகன் மௌத்தானதும் வாரிசுச் சான்றிதழைக் காட்டி, பேரப்பிள்ளைகள் பெயருக்குப் பட்டா மாறுகிறது. அடுத்தவர் வங்கியில் அடமானம் வைக்கிறார். அதற்கடுத்தவர் விற்கிறார். இவர்களில் எவரும் திருடும் எண்ணம் கொண்டவரல்லர். என்றாலும் ஏழையின் பங்கு போயிற்று. பாட்டனாரின் கப்ருக்குப் போய்க்கொண்டிருந்த நன்மையும் நின்றது.

இதைத் தடுக்க நான்கு வாசல்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, வக்ஃபு வாரியம். ஏழைகளுக்கும் மார்க்க காரியங்களுக்கும் ஒதுக்கப்பட்ட அளவில் குடும்ப வக்ஃபு 1995-ஆம் ஆண்டின் வக்ஃபுச் சட்டத்திற்கு உட்பட்டது. அதைப் பதிவு செய்து, மார்ச் 31-ல் முடியும் ஆண்டுக் கணக்கை ஆண்டுதோறும் அனுப்ப வேண்டும். தவறினால் அபராதத்திற்கும் பதவி நீக்கத்திற்கும் சட்டத்தில் இடமுண்டு. விற்பதும் அடமானம் வைப்பதும் செல்லாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். 2025-ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் எழுத்துப் பத்திரமின்றிப் புதிய வக்ஃபை உண்டாக்க இயலாது. பதிவான வக்ஃபுகளின் விவரங்களை மத்திய அரசின் 'உமீத்' இணையதளத்தில் ஆறு மாதத்திற்குள் ஏற்ற வேண்டும் என்றும் அத்திருத்தம் விதித்தது. அத்தவணை 2025 டிசம்பரில் முடிந்தது. தவறவிட்டவர்கள் வாளாவிருக்காமல், தங்கள் நிலை என்ன என்பதை வாரியத்திலும் வழக்கறிஞரிடமும் உடனே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது, பத்திரப் பதிவு அலுவலகம். வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். திண்டுக்கல் மாவட்டம் 1985-ல்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. பழைய பத்திரங்களில் 'மதுரை ஜில்லா' என்றிருப்பதைக் கண்டு குழம்ப வேண்டாம்.

மூன்றாவது, வருவாய்த்துறை. கிராம நிர்வாக அலுவலரிடமும் நிலக்கோட்டை வட்டாட்சியர் அலுவலகத்திலும் பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவை எவர் பெயரில் உள்ளன என்று பாருங்கள். பட்டா வக்ஃபின் பெயரிலும், முத்தவல்லியின் பெயர் 'முத்தவல்லி' என்ற பொறுப்போடும் இருக்க வேண்டும். வட்டாட்சியர் மறுத்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு உண்டு. அதற்கு மேல் மாவட்ட வருவாய் அலுவலர் இருக்கிறார். நெடுஞ்சாலை அகலப்படுத்த நிலம் எடுக்கப்படும்போது இதன் அருமை புரியும். இழப்பீட்டுத் தொகை பதிவேட்டில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். அது வக்ஃபின் தொகை. எவருடைய சொந்தப் பணமும் அன்று.

நான்காவது, வங்கியும் வருமான வரித்துறையும். வக்ஃபின் பெயரிலேயே பான் அட்டையும் வங்கிக் கணக்கும் வேண்டும். தோப்புக் குத்தகைப் பணம் முத்தவல்லியின் சொந்தக் கணக்கில் விழுந்தால், அது அவருடைய வருமானமாகவே பார்க்கப்படும். குடும்பப் பங்கையும் தர்மப் பங்கையும் தனித்தனியே எழுதி, தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

இனி, அலுவலகங்களில் நடந்துகொள்ளும் முறை. வாய்மொழியாக எதையும் முடிக்காதீர்கள். மனு கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் பெறுங்கள். அஞ்சலில் அனுப்பினால் போய்ச் சேர்ந்த சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீஸைப் பிரிக்காமல் வைப்பது பொறுமையாகாது. தவணை கடந்துவிட்டால் நியாயம் இருந்தும் பயன் குறைந்துவிடும். பழைய ஆவணம் கிடைக்கவில்லையெனில், 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் நகல் கேட்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது விதி. 'ஏதாவது கொடுத்தால் சீக்கிரம் முடியும்' என்று எவரேனும் சொன்னால், லஞ்சம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் நபி (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை நினைவிற்கொள்ளுங்கள். தர்மச் சொத்தைக் காக்க ஹராமான வழி உதவாது.

சகோதரர்களே! அரசுக்குக் கணக்குக் காட்டுமுன் குடும்பத்தாருக்குக் காட்டுங்கள். யதீம்களின் பொருளை ஒப்படைக்கும்போது சாட்சி வைத்துக்கொள்ளுமாறு திருமறை கட்டளையிடுகிறது. அந்த ஒழுங்கு முத்தவல்லிக்கும் பொருந்தும். வேற்றூரில் வாழ்க்கைப்பட்ட சகோதரிகளுக்கும் கணக்கின் நகல் போக வேண்டும். பெண் வாரிசுகளின் உரிமையை மறுக்கும் கருவியாகக் குடும்ப வக்ஃபு ஆகக்கூடாது என்று 2025-ஆம் ஆண்டின் திருத்தம் கூறுகிறது. நம் மார்க்கத்தில் வக்ஃபின் பொறுப்பையே ஒரு பெண்மணியிடம் ஒப்படைத்த முன்மாதிரி ஹஃப்ஸா (ரளி) அவர்களிடம் இருக்கிறது.

நிறைவாக ஒரு வேண்டுகோள். குடும்ப வக்ஃபு உள்ள ஒவ்வொரு வீட்டாரும் அடுத்த ரமளானுக்குள் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரியப் பதிவு, வங்கிப் புத்தகம் ஆகிய ஐந்தையும் ஒரே கோப்பில் சேருங்கள். இந்த ஐந்திலும் உள்ள பெயரும் சர்வே எண்ணும் பரப்பளவும் ஒத்துள்ளனவா என்று பாருங்கள். படித்த நம் இளைஞர்கள் இணையதள வேலைகளில் பெரியவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். முத்தவல்லி, இன்னும் பிறவாத பேரப்பிள்ளைக்கும் முகம் தெரியாத ஏழைக்கும் பொறுப்பாளர். அவர்கள் இன்று வந்து கேட்க முடியாது, மறுமையில் கேட்பார்கள்.

வல்ல அல்லாஹ் நம் முன்னோர்களின் வக்ஃபுகளைக் கபூல் செய்து, அவற்றைக் காக்கும் வலிமையையும் நேர்மையையும் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.